பங்காளிச் சண்டை

கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கில் மலாவி ஏரி வடக்குத் தெற்காக 580 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. அகலம் எங்கும் ஏறத்தாழ 75 கிலோமீட்டரைத் தாண்டாது. ஆழமோ 700 மீட்டரைத் தொடும். மலாவி, மொசாம்பிக், தான்சானியா என்று மூன்று நாடுகள் அதைப் பங்கு போட்டிருக்கின்றன. இவ்வளவு தண்ணீர் இருந்தும் அதில் பெரும்பகுதி மீன்களுக்கு உதவாது. சுமார் 250 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜனே இல்லை. மேலே உள்ள தண்ணீரும் சத்துக் குறைந்தது. அதனால்தான் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கிறது. வெயில் அடிமட்டம் வரை இறங்கும் கரையோரத்தில், குறிப்பாகப் பாறைகளின் மேல்தான், உணவு தாராளமாக விளைகிறது.

அந்த விளைச்சல் ஒரு பாசிப்படலம். இழைப்பாசிகள் கல்லைப் பிடித்துக்கொண்டு வளர்கின்றன. அவற்றின் மேல் டயட்டம் என்னும் நுண்பாசிகள் தூசிபோலப் படிகின்றன. இடையிடையே பூச்சிகளின் இளம்புழுக்களும், கண்ணுக்கு எட்டாத சிறு ஓட்டுயிர்களும் ஒளிந்திருக்கின்றன. ஓரிரு விரல்கடை தடிமன்கூட இல்லாத இந்தப் படலத்தை நம்பி, ஒரு சாண் நீளத்துக்குள் அடங்கும் வண்ண வண்ண மீன்கள் கூட்டம் கூட்டமாகப் பிழைக்கின்றன. ஏரிக்கரையில் வாழும் டோங்கா மக்கள் அவற்றை எம்புனா என்கிறார்கள். மீன் வளர்ப்பவர்களும் உலகெங்கும் அதே பெயரைத்தான் சொல்கிறார்கள்.

1950-களில் ஏரியின் மேற்குக் கரையிலுள்ள என்காட்டா விரிகுடாவில் தங்கி இந்த மீன்களை ஆராய்ந்தவர் ஜெஃப்ரி ஃப்ரையர் என்ற ஆங்கிலேய உயிரியலாளர். அவருக்கு ஒரு புதிர் இருந்தது. ஒரே உணவை நம்பும் இரண்டு இனங்கள் ஒரே இடத்தில் நெடுங்காலம் பிழைக்க முடியாது, ஒன்று மற்றதை வெளியேற்றிவிடும் என்பது சூழலியலின் பாலபாடம். இங்கே ஒரே பாறையில் பத்துப் பன்னிரண்டு இனங்கள் பாசி மேய்ந்துகொண்டிருந்தன. 1959-இல் அவர் வெளியிட்ட நீண்ட ஆய்வுக் கட்டுரை அவற்றின் வாயையும் பல்லையும் குடலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது.

லேபியோட்ரோஃபியஸ் என்ற மீனுக்கு மூக்கு முன்னால் தொங்கும். வாய் அடியில் இருக்கும். பாறையோடு உடலைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்தபடி பாசியைச் சுரண்டும். அலை மோதும் இடத்திலும் அதற்குத் தடுமாற்றம் இல்லை. பெட்ரோட்டிலாப்பியாவின் பற்கள் வளைந்துகொடுக்கும் சீப்பு மாதிரி. இழைகளை விட்டுவிட்டு மேலே படிந்த டயட்டத்தை மட்டும் வாரி எடுக்கும். ட்ரோஃபியாப்ஸ் கடித்து, தலையை வெடுக்கென்று இழுத்து இழையையே பிய்க்கும். லேபிடோகுரோமிஸின் கூர்வாய் ஒரு சாமணம்; பாசிக்குள் ஒளிந்த புழுக்களைப் பொறுக்கும். ஜெனியோகுரோமிஸ் என்று ஒன்று உண்டு. அது பாசிப் பக்கமே போகாமல் அடுத்த மீனின் செதிலையும் துடுப்பையும் கடித்துத் தின்று வாழ்கிறது. பாறை ஒன்றுதான், பிழைப்பு பல.

இத்தனை வாய்களும் மிக நெருங்கிய உறவுகள். எம்புனாக்கள் சிக்லிட் என்ற மீன் குடும்பத்தைச் சேர்ந்தவை. மலாவி ஏரியின் சிக்லிட் இனங்களை 500 முதல் 1,000 வரை மதிப்பிடுகிறார்கள். 2018-இல் வெளியான மரபணுத் தொகுதி ஒப்பீடு ஒன்று, அவற்றில் எந்த இரண்டு இனங்களை எடுத்தாலும் வேறுபாடு 0.1 முதல் 0.25 சதவீதத்துக்குள்தான் என்று காட்டியது. ஏரியின் வயதும் ஒரு காரணம். புவியியல் கணக்கில் அது இளையது. அதோடு நிலையானதும் அல்ல. ஏறத்தாழ 1,35,000 ஆண்டுகளுக்கும் 75,000 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் வந்த கடும் வறட்சிகளில் நீர்மட்டம் பலநூறு மீட்டர் இறங்கியிருக்கிறது. தண்ணீர் திரும்ப ஏறியபோது புதிய புதிய பாறைத்திட்டுகள் மூழ்கின. திட்டுக்கும் திட்டுக்கும் நடுவே மணல் கிடந்தது. எம்புனாவுக்குத் திறந்த மணல்வெளி ஆபத்தான இடம். அதைத் தாண்டிப் போவது அரிது. ஒரு திட்டிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் திட்டில், உருவத்தில் அப்படியே இருந்து நிறத்தில் மட்டும் மாறிய கூட்டம் இருக்கிறது. அது தனி இனமா, ஊர்வகையா என்று வகைப்பாட்டாளர்கள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆக, நெருங்கிய ரத்த உறவு, விலைமதிப்புள்ள நிலம், திட்டை விட்டு நகர்ந்து போக வேறு இடமில்லாத நிலைமை. இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பங்காளிச் சண்டைதான்.

ஆண் எம்புனா ஒரு பாறைப் பிளவையும் அதைச் சுற்றிய பரப்பையும் தன்னுடையதாக்கிக்கொள்கிறது. அங்கே மேய வரும் மற்றவற்றை விரட்டுகிறது. இப்படிக் காவல் இருக்கும் இடத்தில் பாசி வெளியே இருப்பதைவிட நீளமாகவும் அடர்த்தியாகவும் வளர்கிறது. ஏரியில் மூழ்கிப் பார்ப்பவர்களுக்கு இந்தத் தோட்டங்கள் கண்ணிலேயே தெரியும். காவல் எல்லாரிடமும் ஒரே கடுமையில் இருப்பதில்லை. தன்னைப் போலவே உண்ணும், தன்னைப் போலவே தோன்றும் மீனிடம்தான் கோபம் உச்சம். புழு பொறுக்க வருகிற சாமண வாய்க்காரனைப் பல நேரங்களில் கண்டும் காணாமல் விட்டுவிடும்.

நிலமில்லாத மீன்கள் என்ன செய்யும்? கூட்டம் சேர்த்து வரும். பல பத்து மீன்கள் ஒன்றாகத் தோட்டத்தில் இறங்கினால் உரிமையாளன் ஒன்றை விரட்டும்போது மற்றவை மேய்ந்துவிடும். கொஞ்ச நேரத்தில் காவலன் களைத்துப்போய் விரட்டுவதையே நிறுத்திவிடும். ஒரு சொத்தைக் காப்பதற்கான செலவு அதன் வருமானத்தை மிஞ்சினால் காவலே அர்த்தமற்றது. இந்தக் கணக்கு மீனுக்கும் புரிகிறது, அல்லது அதன் உடலில் எழுதப்பட்டிருக்கிறது. வீட்டுத் தொட்டியில் எம்புனா வளர்ப்பதன் சூட்சுமம் முழுவதும் இந்த ஒரு காட்சிக்குள் இருக்கிறது என்பது என் கருத்து.

இந்த மீன்கள் 1960-களிலிருந்து ஏற்றுமதியாகின்றன. வாங்கியவர்கள் முதலில் கண்டது ரத்தக்களறி. மற்ற மீன்களுக்குச் சொல்லும் விதிப்படி, பெரிய தொட்டியில் ஆறேழு மீன்களைத் தாராளமாக விட்டார்கள். ஒரு மாதத்தில் ஒன்று மட்டும் மிஞ்சியது. ஏரியில் தோற்ற மீன் அடுத்த பாறைக்கு ஓடும். விரட்டல் அங்கே முடிந்துவிடும். கண்ணாடிச் சுவருக்குள் ஓடினாலும் எதிரியின் எல்லைக்குள்ளேயேதான் இருக்க வேண்டும். அதனால் விரட்டல் முடிவதே இல்லை. அடியைவிட இந்த ஓயாத விரட்டல்தான் கொல்கிறது: மூலையில் ஒடுங்கிய மீன் உண்ணாது, நிறம் மங்கும், நோய்க்கு இடம் கொடுக்கும்.

இதற்குக் கண்டுபிடித்த மருந்து முதலில் கேட்பவருக்குத் தலைகீழாகத் தோன்றும். மீனைக் குறைக்காதே, கூட்டு. 120 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் கொண்ட நாலடித் தொட்டி சுமார் 240 லிட்டர் பிடிக்கும். அதில் பத்து சென்டிமீட்டருக்குள் நிற்கும் சிறிய எம்புனாக்களை இருபது இருபத்தைந்து என்று வைப்பது அனுபவசாலிகளின் வழக்கம். எதிரிகள் இத்தனை பேர் கண்முன் கடந்துபோனால், எந்த ஒன்றையும் குறிவைத்துத் துரத்த முடியாது. உதை எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்துபோகும். தோட்டத்தில் இறங்கிய கூட்டம் செய்ததும் இதுதான். ஒரு ஆணுக்கு மூன்று நான்கு பெண்கள் என்ற விகிதமும் அதே நோக்கத்தில்தான். எல்லா மீன்களையும் ஒரே சமயத்தில், குஞ்சுப் பருவத்தில் விடுவது நல்லது. நிலத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு வருகிற புதியவன் பாடு திண்டாட்டம். அப்படிச் சேர்த்தே ஆக வேண்டுமென்றால், அன்றைக்குக் கற்களை எல்லாம் எடுத்து மாற்றி அடுக்க வேண்டும். பழைய பத்திரங்கள் செல்லாமல் போய்விடும்.

கூட்டத்துக்கு விலை உண்டு. மீன்கள் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. தண்ணீரில் அது இரண்டு வடிவில் இருக்கும்: ஏறத்தாழத் தீங்கற்ற அம்மோனியம், செவுளைச் சுடும் அம்மோனியா. எந்த வடிவம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பிஎச் அளவும் வெப்பமும். 25 டிகிரி செல்சியஸில் பிஎச் 7 என்றால் நச்சு வடிவம் அரை சதவீதத்துக்குச் சற்று மேல். பிஎச் 8 ஆனால் அது ஐந்து சதவீதத்தைத் தாண்டும். அதே பிஎச் 8-இல் தண்ணீர் 30 டிகிரிக்கு ஏறினால் ஏழு சதவீதத்துக்கும் மேல். எம்புனாவின் ஏரி பிஎச் 7.7 முதல் 8.6 வரை உள்ள காரத்தன்மையான தண்ணீர். ஆகவே, சாதாரணத் தொட்டியில் மீன் தாங்கிக்கொள்ளும் அழுக்கு இங்கே பத்து மடங்கு விஷமாகிறது. அதிலும் மீன்களைக் கூட்டமாக வளர்க்கிறோம். சித்திரை வைகாசியில் தண்ணீர் சூடாகும்போது கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறைகிறது: 25 டிகிரியில் லிட்டருக்கு அதிகபட்சம் சுமார் 8.3 மில்லிகிராம் என்றால் 30 டிகிரியில் 7.5.

எனவே ஃபில்டர்தான் இந்தத் தொட்டியின் உயிர். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அதன் பஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் குடியேற நாலைந்து வாரமாவது ஆகும். தொட்டி வாங்கிய அன்றே மீன் வாங்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப்போல ஐந்து மடங்கு தண்ணீர் ஃபில்டர் வழியாகச் சுழல்வது நல்லது. நைட்ரேட்டை எந்த ஃபில்டரும் எளிதில் எடுக்காது. வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றுவதுதான் வழி. பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் அதிலுள்ள குளோரின் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும். மின்தடை நீளும் ஊரில் இருப்பவர்கள் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வைக்கலாம். மீன்கள் மட்டுமல்ல, ஆக்சிஜன் இல்லாமல் அந்தப் பாக்டீரியாக்களும் சாகும்.

தண்ணீர் விஷயத்தில் போர்வெல்லை நம்பியிருக்கும் தமிழ்நாட்டுக்காரருக்கு ஓர் ஆறுதல் உண்டு. வாளியில் வெள்ளைத் திட்டும் ஹீட்டரில் சுண்ணாம்புப் படிவும் உண்டாக்கும் கடினநீர், மற்ற வண்ண மீன்களில் பலவற்றுக்கு ஒத்துவராவிட்டாலும் எம்புனாவுக்குப் பெரும்பாலும் ஒத்துவரும். ஆனால் ‘ஆப்பிரிக்க மீனுக்கு எவ்வளவு உப்பானாலும் சரி’ என்று கடைகளில் சொல்வது மிகை. மலாவி ஏரியில் காரத்தன்மை உண்டே தவிர, கரைந்துள்ள உப்புகள் அதிகமில்லை. சென்னைப் புறநகர்ப் போர்வெல் பலவற்றைவிட அது நல்ல தண்ணீர். மிக உப்பான நீரில் ஆர்ஓ தண்ணீரைக் கலந்து இறக்கிக்கொள்ளலாம். ஆர்ஓ தண்ணீரை மட்டுமே ஊற்றுவது இன்னும் பெரிய தப்பு. பாக்டீரியாக்கள் ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனைச் சிதைக்க, சுமார் ஏழு கிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான காரத்தைத் தின்றுவிடுகின்றன. கூட்டமான தொட்டியில் இந்த இருப்பு தீர்ந்ததும் பிஎச் சரசரவென இறங்கும். சிறுவாணிபோன்ற மெல்லிய நீர் கிடைக்கும் கோயம்புத்தூர்க்காரர்கள் நொறுக்கிய பவளத்தையோ சிப்பி ஓட்டையோ ஃபில்டருக்குள் ஒரு பையில் போட்டு வைப்பதும், தண்ணீர் மாற்றும்போது அளந்து சமையல் சோடா சேர்ப்பதும் இந்த இருப்பை நிரப்பத்தான்.

கற்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கருங்கல் போதும், அது தண்ணீரின் தன்மையை மாற்றாது. முதலில் கல், பிறகு மணல். இந்த வரிசை மாறக் கூடாது. எம்புனாக்கள் மணலைத் தோண்டும். மணல்மேல் நிற்கும் கல்குவியல் ஒருநாள் சரிந்து கண்ணாடியை உடைக்கும். தொட்டியின் அடியில் தெர்மாகோல் விரித்து, அதன்மேல் தொட்டியை வைத்து, கற்களை நேராக அடிக்கண்ணாடியில் நிறுத்திவிட்டு இடைவெளிகளில் மணலைக் கொட்டுங்கள். ஒரு மீனின் பார்வைக்கு இன்னொன்று படாதபடி மறைவுகளும், முன்னும் பின்னும் திறந்த பொந்துகளும் வேண்டும். ஒரே வாசல் உள்ள பொந்து தோற்றவனுக்குப் பொறி. தண்ணீரும் கல்லும் மணலும் சேர்ந்து முந்நூறு கிலோவைத் தாண்டும் என்பதால் ஸ்டாண்டை வாங்குமுன் தரையையும் பார்த்துவிடுங்கள்.

எந்த மீனை வாங்குவது? கடைகளில் ‘மலாவி மிக்ஸ்’ என்று ஒரே தொட்டியில் நீந்தும் குஞ்சுகள் எல்லாமே அழகாக இருக்கும்; ‘எல்லாம் ஒண்ணா வளரும் சார்’ என்பார்கள். அந்தக் கும்பலில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட குஞ்சு மெலனோகுரோமிஸ் ஆரட்டஸாக இருக்கலாம். அதன் ஆண் வளர்ந்ததும் கறுத்து, தொட்டி முழுவதையும் தன் பெயருக்கு எழுதிக்கொள்ளும். புதிதாகத் தொடங்குபவர்கள் அதைத் தொடவே வேண்டாம். எலுமிச்சை மஞ்சளில் கறுப்புத் துடுப்புக்கோடு கொண்ட லேபிடோகுரோமிஸ் செருலியஸ் தொடங்குவதற்கு ஏற்றது. ஏரியில் இந்த இனம் பெரும்பாலும் வெளிறிய நிறத்தில் இருக்கிறது; உலகத் தொட்டிகளை நிரப்பியிருக்கும் மஞ்சள், மேற்குக் கரையில் லயன்ஸ் கோவ் பக்கத்துக் கூட்டத்தின் நிறம். இது சாமண வாய்க்காரர் வம்சம். புழு பொறுக்கும் மீனுக்குப் பாசித் தோட்டம் காக்கும் அவசியம் இல்லை. அதன் சாதுகுணத்துக்கு இதுவே அடிப்படை என்று நான் நினைக்கிறேன்.

நேர்மாறானது சிண்டோங்கோ டெமசோனி. தான்சானியக் கரையின் பொம்போ பாறைகளிலிருந்து வந்து, 1994-இல் பெயர் சூட்டப்பட்டது. ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி கருநீலப் பட்டைகள். யாரைப் பார்த்தாலும் தன் போட்டியாளனாகவே தெரிவதால் ஐந்தாறு மீன்களை வைத்தால் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும். பன்னிரண்டுக்குக் குறையாமல் வைத்தால் ஓரளவு நிற்கும். அதன் உறவான சாலோசியில் பெண்ணும் இளசும் மஞ்சள், பொறுப்பேற்ற ஆண் மட்டும் நீலக்கறுப்புப் பட்டை. யார் யார் என்று நிறமே சொல்லிவிடுவதால் வீண்சண்டை குறைவு. சின்னத் தொட்டிக்கு என் ஓட்டு சாலோசிக்குத்தான்.

தீனியில்தான் அன்பு ஆபத்தாகிறது. பாசி மேயும் எம்புனாவின் குடல் அதன் உடலைப்போலப் பல மடங்கு நீளமானது. சத்துக் குறைந்த, நார் மிகுந்த உணவை நாள் முழுவதும் கொறித்து, மெதுவாகச் செரிப்பதற்கு அமைந்தது. அதற்கு டியூபிஃபெக்ஸ் புழுவையும் இறைச்சித் துண்டையும் அள்ளிக் கொடுத்தால் மீன் மகிழ்ச்சியாகவே தின்னும். பிறகு வயிறு வீங்கும், தீனியைத் துப்பும், வெள்ளை நூலாகக் கழியும். மீன் வளர்ப்பவர்கள் இதை மலாவி புளோட் என்கிறார்கள். குடலில் வாழும் சாட்டையிழை நுண்ணுயிர்கள், பொருந்தாத தீனி, துரத்தப்படும் பயம், கெட்ட தண்ணீர் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒரே காரணம் என்று நிறுவப்படவில்லை. தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் மெட்ரோனிடசோல் சில நேரம் காப்பாற்றும். ஸ்பைருலினா கலந்த தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு வேளை போடுவதும், வெந்த பட்டாணியோ கீரையோ அவ்வப்போது கொடுப்பதும் போதும். கற்களில் பாசி படர்ந்தால் தேய்க்காதீர்கள். அவை வீட்டுச் சாப்பாட்டையே மேயட்டும்.

இவ்வளவும் சரியாக அமைந்தால் சில மாதங்களில் ஒரு பெண்மீன் தீனிக்கு வராமல் ஒதுங்கி நிற்கும். தாடை கீழே பை மாதிரித் தொங்கும். வாய்க்குள் முட்டை. நம் குளங்களில் ஜிலேபிக் கெண்டையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அதுவும் ஆப்பிரிக்க சிக்லிட்தான். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா. அதன் பெண்ணும் வாயில்தான் அடைகாக்கும். எம்புனாப் பெண் முட்டையை இட்ட உடனே, ஆண் வித்திடும் முன்பே, வாயில் எடுத்துக்கொள்கிறது. அப்புறம் கருவுறுவது எப்படி? ஆணின் அடித்துடுப்பில் முட்டையின் அளவிலும் நிறத்திலும் வட்டப் புள்ளிகள் இருக்கின்றன. அவற்றையும் முட்டை என்று எண்ணிப் பெண் கவ்வப் போகும்போது ஆணின் விந்து வாய்க்குள் சேர்கிறது என்று 1962-இல் வோல்ஃப்காங் விக்லர் விளக்கினார். அழகான விளக்கம், பாடநூல்களில் நிலைத்துவிட்டது. பின்னர் டாங்கனீக்கா ஏரியின் உறவுமீன் ஒன்றில் செய்த சோதனையில், புள்ளி இருக்கிற ஆண் இல்லாத ஆண் என்று பெண்கள் பேதம் பார்க்கவில்லை. புள்ளிகளைக் கண்டு தயங்கியது போட்டி ஆண்கள்தான். இங்கேயும் நிலத்தகராறு நுழைந்துவிட்டது.

ஏறத்தாழ மூன்று வாரம் தாய் கிட்டத்தட்டப் பட்டினி. பிறகு ஒரு சென்டிமீட்டர் அளவில், முழு மீனாகவே வெளியே வரும் இருபது முப்பது குஞ்சுகள். கல் இடுக்குகளில் அவற்றில் சில தப்பிப் பிழைக்கும். தொட்டி நிரம்பத் தொடங்கும். இங்கேதான் வளர்ப்பவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பெண் எம்புனா தன் இனத்து ஆணைப் பெரிதும் நிறத்தைப் பார்த்தே தேர்கிறது. மரபணுவில் தடை அனேகமாக இல்லை. தன் இனத்து ஆண் இல்லாத தொட்டியில், சாயல் ஒத்த அடுத்த இனத்தோடு கூடிக் கலப்புக் குஞ்சுகளை ஈனும், அவையும் வளமாக ஈனும். ஏரியிலேயே இது நடந்திருக்கிறது. தெற்கே தும்பி மேற்குத் தீவைச் சுற்றி, மீன் ஏற்றுமதிக்காக வேறு இடங்களில் பிடிக்கப்பட்ட எம்புனாக்கள் விடப்பட்டன. அவற்றில் ஒன்று உள்ளூர் மீனோடு கலந்து புதிய மரபணுக்களைச் சேர்த்துக்கொண்டதை ஆய்வாளர்கள் கண்டார்கள். 1984 முதல் உலகப் பாரம்பரியத் தலமாக இருக்கும் தேசியப் பூங்காவுக்குள்தான் அந்தத் தீவு இருக்கிறது.

ஆகவே சாயல் ஒத்த இரண்டு இனங்களை ஒரே தொட்டியில் வைக்காதீர்கள். கலப்புக் குஞ்சுகளை இனப்பெயர் சொல்லி யாருக்கும் கொடுக்காதீர்கள். மிஞ்சியவற்றை ஏரியிலோ குளத்திலோ விடவே விடாதீர்கள். ‘டேங்க் கிளீனர்’ என்று வாங்கி அலுத்துப்போய் விட்ட தென்னமெரிக்க சக்கர் மீன்கள் இப்போது தமிழ்நாட்டு நீர்நிலைகளில் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன. மீன் கொடுத்த கடையே குஞ்சுகளைத் திரும்ப எடுத்துக்கொள்வது உண்டு.

சாலோசி வைத்திருப்பவர்கள் மட்டும் கூடுதலாக ஒன்று செய்யலாம். அந்த மீனின் பூர்வீகம் சிசுமுலு தீவுக்கு அருகே நீருக்குள் இருக்கும் டைவானி என்ற ஒரே ஒரு பாறைத்திட்டு. வியாபாரத்துக்காகப் பிடித்துப் பிடித்து, ஐயுசிஎன் சிவப்புப் பட்டியலில் அது மிக அருகிய இனமாகச் சேர்ந்துவிட்டது. வாங்கும்போது பூர்வீகத்தைக் கேளுங்கள். தெரிந்தால் தொட்டியில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். குஞ்சுகளைக் கொடுக்கும்போது அந்தச் சீட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.